ரெய்டரின் முழங்கால்: கோத்தகிரி கபடிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோத்தகிரி வட்டாரத்தில் கபடிக் குழு நடத்துகிறவர்களுக்கும், ஊர்ப்போட்டி நடத்துகிறவர்களுக்கும்:

ரெய்டுக்குப் போகிற பையன்களின் முழங்கால்களைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது. சுற்றி வளைக்கப் போவதில்லை. நம் குழுக்கள் ஒரு நல்ல ரெய்டரைக் கண்டுபிடித்து மூன்று, நான்கு சீசன் ஆட வைக்கின்றன. முழங்கால் போனதும் அடுத்த பையனைத் தேடிப் போய்விடுகின்றன. போனவன் என்ன ஆனான் என்று குழுவில் யாரும் கேட்பதில்லை. இந்த வழக்கம் இந்த வருடமாவது நிற்க வேண்டும்.

உங்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். அரவேணு, கட்டபெட்டு, கீழ்கோத்தகிரி, சோலூர்மட்டம், கெங்கரை என்று எந்தப் பக்கம் போட்டி நடந்தாலும் இன்றும் வந்து உட்காருகிறேன். நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். இந்த மலையில் பதின்மூன்று மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலத்துக்குச் சமதளம் கிடைப்பதே பெரிய காரியம். சரிவை வெட்டி, மண் கொட்டி, கல் பொறுக்கி, லைட் கட்டி, வீடு வீடாக வசூல் செய்து, பசுந்தேயிலைக்கு விலை இல்லாத வருடத்திலும் போட்டியை நிறுத்தாமல் நடத்துகிறீர்கள். ஹட்டிப் பையன்களும் லைன் வீட்டுப் பையன்களும் காலனிப் பையன்களும் ஒரே கோட்டுக்குள் இறங்குகிற இடம் இந்த மலையில் வேறு அதிகம் கிடையாது. அதனால் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. உங்களால் மட்டும்தான் இதை மாற்ற முடியும் என்பதால் எழுதுகிறேன்.

ஏழு பேரில் ரெய்டரை மட்டும் ஏன் தனியாகச் சொல்கிறேன்? பிடிக்கிறவனுக்கும் அடிபடும்தான். ஆனால் பிடிக்கிறவன் கூட்டத்தோடு நிற்கிறான். கார்னரில் ஒருவன் காலைப் பிடித்தால் கவரில் இருப்பவன் வந்து மோதுகிறான், பாரம் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. ரெய்டுக்குப் போகிறவன் தனி ஆள். முப்பது விநாடிக்குள் உள்ளே போய், தொட்டு, திரும்ப வேண்டும். ஒரே ஆட்டத்தில் பதினைந்து, இருபது முறை போகிற பையன்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முழு வேகத்தில் போய்ச் சட்டென்று நின்று நடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறான். அந்தத் திருப்பத்தில்தான் ஆபத்து. கணுக்காலை எதிராளி பிடித்திருப்பான், பாதம் தரையில் ஊன்றியிருக்கும், இடுப்புக்கு மேலே உடம்பு மட்டும் திரும்பும். நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். மேட் விரிப்பில் ஆடினால் ஷூவின் ரப்பர் அடி ஒட்டிக்கொள்ளும். நம் மண் தரையில் ஈரமும் சரளையும் சேர்ந்து கால் வழுக்கும். இரண்டுமே முழங்காலைத்தான் முறுக்கும்.

இதோடு நம் மலைக் குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் நாம் ஆட்டங்களை ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை இழுக்கிறோம். முதல் ஆட்டம் முடித்த பையன் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு கம்பளியும் போர்த்தி, தேநீர்க் கடைப் பக்கம் நெருப்பு மூட்டிய இடத்தில் இரண்டு மணி நேரம் குந்தியிருப்பான். மைக்கில் குழுவின் பெயரைக் கூப்பிட்டதும் கம்பளியை உதறிவிட்டு நேராகக் கோட்டுக்குள் இறங்குவான். விறைத்துப் போன தசைகளோடு முதல் ரெய்டு. பத்து நிமிடம் ஓடி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளக்கூட அவனுக்கு நேரம் தருவதில்லை. 'டைம் ஆச்சு, சீக்கிரம் டீமை இறக்குங்க' என்று மைக்கில் கத்துகிறோம்.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்த ஒரு கால் இறுதியைச் சொல்கிறேன். ஊர் பெயரோ பையன் பெயரோ வேண்டாம். பார்த்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். வலது பக்கம் போனஸ் எடுத்துவிட்டு இடது காலை ஊன்றித் திரும்பினான். யாரும் அவனைத் தொடக்கூட இல்லை. தானாகவே சரிந்து உட்கார்ந்து முழங்காலை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டான். குழு நிர்வாகி ஓடி வந்தார், ஸ்ப்ரே அடித்தார், க்ரேப் பேண்டேஜைச் சுற்றினார். "லேசா சுளுக்குதான்ங்க சார், ஒண்ணும் இல்ல" என்று பையனே சொன்னான். அரை இறுதியில் மறுபடி இறங்கினான். இரண்டாவது ரெய்டில் அதே கால் மடிந்தது. இந்த முறை அவனால் எழுந்திருக்க முடியவில்லை. ஆம்புலன்ஸ் கிடையாது. இலை ஏற்றும் பிக்கப் வண்டியில், சாக்குகளின் மேல் படுக்க வைத்து, குண்டும் குழியுமான வழியில் கீழே கொண்டுபோனார்கள். அப்போது அவன் கல்லூரி இரண்டாம் ஆண்டு.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை என்றதும் எல்லாருக்கும் நிம்மதி. ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது என்று அங்கே நின்றவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. எண்ணெய் போட்டு உருவி விட்டார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வற்றியது, நடந்தான், சரியாகிவிட்டது என்றார்கள். அடுத்த மாதமே வேறொரு குழு அவனைக் கெஸ்ட்டாகக் கூப்பிட்டது. போனான். அதோடு முடிந்தது. கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தபோது ஏ.சி.எல். என்கிற ஜவ்வு முழுவதும் அறுந்து, உள்ளே மெத்தை போல இருக்கிற மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பணம் சேர்க்க வீட்டில் முடியவில்லை. இப்போது தேயிலை மூட்டையைத் தோளில் வைத்து அவனால் சரிவு ஏற முடியாது. சமவெளியில் முழங்கால் போனவன் சைக்கிளிலோ டவுன் பஸ்ஸிலோ வேலைக்குப் போய்விடுவான். இங்கே வீட்டிலிருந்து ரோட்டுக்கு வருவதற்கே படி ஏற வேண்டும். இந்த மலையில் முழங்கால்தான் பிழைப்பு.

அந்த ஜவ்வு என்ன செய்கிறது என்பதை ஒவ்வொரு குழு நிர்வாகியும் தெரிந்துகொள்ள வேண்டும். தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகக் கட்டி வைத்திருப்பது ஏ.சி.எல். கீழ் எலும்பு முன்னால் நழுவாமலும், திரும்பும்போது முறுக்கிக்கொள்ளாமலும் அதுதான் காக்கிறது. அறுகிறபோது பல பேருக்கு உள்ளே 'டப்' என்று சத்தம் கேட்கும். சில மணி நேரத்தில் முழங்கால் வீங்கும். பிறகு வீக்கம் வற்றும், வலி குறையும், நேராக நடக்க முடியும். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். நேராக நடக்க அந்த ஜவ்வு பெரிதாகத் தேவையில்லை; நின்று திரும்பத்தான் தேவை. முழுவதும் அறுந்தது உருவினாலும் கட்டுப் போட்டாலும் பழைய நிலைக்கு ஒட்டாது. மறுபடி ரெய்டு போக வேண்டுமென்றால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான் வழி. அதற்குப் பிறகும் குறைந்தது ஒன்பது மாதம் முறையான பயிற்சி வேண்டும். அறுந்த காலோடு ஆடவிட்டால் முழங்கால் மடிந்து மடிந்து மெனிஸ்கஸ் நைந்து, முப்பது வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வரக்கூடும். மருத்துவர்கள் சொல்கிற இந்தக் கணக்கைத்தான் நாம் ஸ்ப்ரே டப்பாவை வைத்து அழிக்கப் பார்க்கிறோம்.

'பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் அடிபட்டு ஆடவில்லையா' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். பெரிய ஆட்டக்காரர்களையே பார்ப்போம். 2022 அக்டோபரில் பெங்களூருவில் புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் அணிக்கு அந்த சீசனின் முதல் ஆட்டம். 2.26 கோடி ரூபாய் கொடுத்து ஏலத்தில் எடுத்த ரெய்டர் பவன் செராவத் எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போய், முழங்காலில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் வெளியே போனார். நாம் எல்லாரும் டிவியில் பார்த்தோம். அதற்குப் பிறகு அந்த சீசன் முடியும் வரை அவர் ஒரு ரெய்டுகூடப் போகவில்லை. கோடி கொடுத்த அணி அவரை உட்கார வைத்தது, சிகிச்சை நடந்தது, காத்திருந்தார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குத் தலைவராகி தங்கம் வாங்கினார். அதே மாதம் ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. அவர் மூன்றாவது வாரம் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு இறங்கியிருந்தால் இந்தத் தங்கம் ஏது, இந்த ஏலம் ஏது?

முழங்கால் தப்பித்தாலும் ரெய்டரின் காலம் சின்னதுதான். பர்தீப் நர்வாலைவிடப் பெரிய பெயர் புரோ கபடியில் உண்டா? ஒரே சீசனில் 369 ரெய்டுப் புள்ளி எடுத்தவர், மொத்தம் 1,801. 2021 ஏலத்தில் அவர் விலை 1.65 கோடி. 2024இல் 70 லட்சம். 2025இல் அவரை எடுக்க ஒரு அணியும் கையைத் தூக்கவில்லை. ஓய்வை அறிவித்துவிட்டார். வயது 28. அதே லீக்கில் நம் திருக்காட்டுப்பள்ளி தர்மராஜ் சேரலாதன் நாற்பதைத் தாண்டிய பிறகும் கார்னரில் நின்று காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். 2016இல் பாட்னாவுக்குத் தலைவராகக் கோப்பையும் வாங்கினார். பிடிக்கிறவனுக்கு அனுபவம் ஏற ஏற மதிப்பு ஏறும். ரெய்டருக்கு வயது ஏற ஏற மதிப்பு இறங்கும். பதினெட்டு வயதில் நாம் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றுகிற பையனுக்கு அதிகம் போனால் பத்து வருடம். அதில் ஒன்றைக்கூட நம் கோப்பைக்காகத் திருடிக்கொள்ள நமக்கு உரிமை கிடையாது.

நம் ஆட்டத்துக்கு மட்டும் வந்த கேடு என்று நினைக்காதீர்கள். அமெரிக்கன் ஃபுட்பாலில் 'ரன்னிங் பேக்' என்று ஒரு இடம் உண்டு. பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, பிடிக்க வருகிற பதினொரு பேர் நடுவே புகுந்து ஓடுவதுதான் அவன் வேலை. மோதித் தள்ளி வீழ்த்துவார்கள். எழுந்து மறுபடி ஓட வேண்டும். உலகத்தில் நம் ரெய்டருக்கு நெருங்கிய சொந்தக்காரன் என்றால் அவன்தான். டெரல் டேவிஸ் என்று டென்வர் அணியில் ஒருவர் இருந்தார். அவர் ஆடிய அணி அடுத்தடுத்து இரண்டு வருடம் சாம்பியன். 1998 சீசனில் மட்டும் 2,008 கெஜம் ஓடி, அந்த வருடத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். 1999 அக்டோபரில் தன் அணி பறிகொடுத்த பந்தோடு ஓடிய எதிராளியைத் தடுக்கப் போனபோது முழங்காலில் ஜவ்வு அறுந்தது. வயது இருபத்தாறு. பவன் செராவத்தைப் போலவே இவருக்கும் தன் வழக்கமான வேலையில் அல்ல, அடுத்தவரைப் பிடிக்கப் போன இடத்தில் வந்தது வினை. திரும்பி வர முயன்றார், பழைய ஓட்டம் வரவில்லை. 2002இல் விலகிவிட்டார். டாட் கர்லி என்ற இன்னொருவர் 2018இல் கோடிக்கணக்கான டாலருக்கு ஒப்பந்தம் போட்டார், முழங்கால் படுத்தியது, இரண்டே வருடத்தில் அணி விடுவித்தது, இருபத்தாறு வயதில் கடைசி ஆட்டத்தை ஆடி முடித்தார்.

அங்கே 2023 ஜூலையில் ரன்னிங் பேக்குகள் தங்களுக்குள் வீடியோ அழைப்பில் கூடிப் பேசினார்கள். 'எங்களை இருபத்தைந்து வயது வரை பிழிந்துவிட்டு, சம்பளம் ஏற வேண்டிய நேரத்தில் தேய்ந்துபோனவன் என்று தள்ளுகிறீர்கள்' என்பதுதான் அவர்கள் குறை. அதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர் சக்வான் பார்க்லி. அடுத்த வருடம் வேறு அணிக்குப் போய் 2,005 கெஜம் ஓடி அந்த அணியைச் சாம்பியனாக்கினார். அவர்கள் கோடீஸ்வரர்கள், அவர்களுக்கு யூனியன் இருக்கிறது, ஆட்டத்தில் அடிபட்டால் சிகிச்சையும் அந்த சீசன் சம்பளமும் அணியின் பொறுப்பு. அவ்வளவு இருந்தும் தங்கள் உடம்பைப் பற்றிப் பேச அவர்கள் ஒன்றுகூட வேண்டியிருந்தது. நம் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? அப்பா எஸ்டேட்டில், அம்மா இலை பறிக்கப் போகிறார். குழு நிர்வாகியான நீங்கள்தான் அவனுக்கு யூனியன், அணி முதலாளி, டாக்டர், எல்லாம்.

'அவன்தானே ஆடுறேன்னு சொன்னான்' என்பீர்கள். சொல்வான். பத்தொன்பது வயதுப் பையன், ஊரே பெயர் சொல்லிக் கத்துகிறபோது, 'என்னால் முடியாது' என்று ஒருநாளும் சொல்லமாட்டான். அவன் சொல்ல முடியாததை அவனுக்காகச் சொல்வதற்குத்தான் கோட்டுக்கு வெளியே பெரியவர்கள் நிற்கிறீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன்: சனிக்கிழமை ஒரு குழுவுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேறு குழுவுக்கும் கெஸ்ட்டாக ஒரே பையனை இறக்குகிறீர்கள். கைக்கு ஐந்நூறோ ஆயிரமோ கொடுக்கிறீர்கள். நம் குழுவில் ஆடுகிற வரைக்கும் நம் பையன், அடிபட்டதும் 'அவன் அந்த ஊர்க்காரன்' என்று கைகழுவுகிறோம். இது நியாயமில்லை. ஒரு ராத்திரிக்கு உங்கள் பனியனைப் போட்டவன் அந்த ராத்திரி உங்கள் பொறுப்பு.

முழங்காலோடு மட்டும் நிற்கிற விஷயமும் அல்ல. 2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் ஒரு ஊர்ப்போட்டியில் ரெய்டு போன கல்லூரி மாணவர் ஒருவர் ஆடுகளத்திலேயே விழுந்து இறந்துபோனார். அந்த வீடியோவை நீங்களும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டீர்கள். அனுப்பிய பிறகு நடந்த நம் போட்டிகளில் எத்தனை இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றது? எத்தனை இடத்தில் முதலுதவி தெரிந்த ஒருவராவது உட்கார்ந்திருந்தார்? இங்கே ராத்திரி ஒரு மணிக்கு ஏதாவது நடந்தால் கோத்தகிரி அரசு மருத்துவமனைக்கு வருவதற்கே நேரமாகும். பெரிய சிகிச்சை என்றால் ஊட்டிக்கோ, மேட்டுப்பாளையம் மலைப்பாதை இறங்கிக் கோயம்புத்தூருக்கோ போக வேண்டும். பனி மூட்டம் இறங்கிவிட்டால் அதுவும் சொல்வதற்கில்லை.

பெண் பிள்ளைகளையும் மறக்காதீர்கள். சென்னை கண்ணகி நகர் கார்த்திகா 2025இல் பஹ்ரைன் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய அணியோடு தங்கம் வாங்கி வந்த பிறகு, நம் பள்ளிகளிலும் பிள்ளைகள் கபடி கேட்டு வருகிறார்கள். சந்தோஷம். ஏ.சி.எல். அறுகிற அபாயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் என்பதை அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடியாமல் இறங்கக் கற்றுக்கொடுங்கள். தொடைத் தசையின் முன்பக்கத்தோடு பின்பக்கத்துக்கும் பலம் ஏற்றுங்கள். இதற்குக் கருவியோ பணமோ வேண்டாம், வாரத்தில் மூன்று நாள் இருபது நிமிடம் போதும். பையன்களுக்கும் இதேதான்.

மாரி செல்வராஜின் 'பைசன்' படம் வந்த பிறகு பையன்களின் கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. அந்தப் படத்துக்குத் தூண்டுதலான மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருது வாங்கியவர். ஒரு சின்ன ஊரிலிருந்து அவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அவர் சாட்சி. அந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு ரயில்வே, போலீஸ், வங்கி, மின்வாரியம் என்று நிறுவன அணிகள் பெரிய பற்றுக்கோடாக இருந்தன. ஆட்டத்துக்கு எடுத்தார்கள், வேலை கொடுத்தார்கள், கால் ஓய்ந்த பிறகும் அலுவலகத்தில் ஒரு நாற்காலி இருந்தது. தமிழ் தலைவாஸுக்குத் தலைவராக இருந்த அஜய் தாக்கூர் இமாச்சலப் போலீஸில் டி.எஸ்.பி. ஆனவர் என்பதை உங்கள் பையன்களுக்குச் சொல்லுங்கள். ஏலப் பணத்தை மட்டும் சொல்லாதீர்கள். ஏலத்துக்குப் போவது நூற்றில் ஒருவன்கூட இல்லை. தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும், படிப்பு வேண்டும், முக்கியமாக மாவட்ட, மாநில அளவில் ஆட முழங்கால் வேண்டும். ஊர்ப்போட்டிக் கோப்பைகள் அந்த விண்ணப்பத்தில் செல்லாது. மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை எழுதுகிற பையனைப் பிப்ரவரியில் நாலு ராத்திரி கெஸ்ட் ஆட இழுத்துப் போகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். நம் போட்டி நோட்டீஸ்களில் பரிசு விவரம் எல்லாம் முடிந்த பிறகு அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி வருகிறது: 'ஆட்டத்தில் ஏற்படும் காயங்களுக்குப் போட்டிக் குழு பொறுப்பல்ல.' யார் முதலில் எழுதினார்களோ, எல்லாரும் பார்த்துப் பார்த்து அச்சடிக்கிறோம். அந்த வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவும் ஸ்கேன் செலவும் போட்டிக் குழுவுடையது என்று எழுதுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

பணம் எங்கே என்பீர்கள். சிறப்பு விருந்தினர் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு. சாலை வளைவு வரைக்கும் ஃப்ளெக்ஸ். ஆளுயரக் கோப்பையை வீட்டில் வைக்க இடமில்லாமல் பையன்கள் குழு அறையின் மூலையில் போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கோப்பையின் உயரத்தில் ஒரு அடி குறைத்தால், ஃப்ளெக்ஸில் இரண்டைக் குறைத்தால், ஒரு பையனின் ஸ்கேனுக்கான சில ஆயிரம் கிடைத்துவிடும். நுழைவுக் கட்டணத்தில் குழுவுக்கு நூறு ரூபாய் தனியே எடுத்து வையுங்கள். சீசன் முழுக்க யாருக்கும் அடிபடவில்லை என்றால் அந்தப் பணம் அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும்.

கூடவே பையன்களின் வீட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு அதில் வழி இருக்கிறது. பல லைன் வீடுகளில் அட்டை எடுக்காமலே இருக்கிறார்கள், அல்லது எடுத்த அட்டையில் பையன் பெயர் சேரவில்லை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு ஊட்டி கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு நாள் போய் வந்தால் முடிகிற வேலை. குழுவிலேயே விவரம் தெரிந்த ஒருவர் எல்லாப் பையன்களுக்கும் சேர்த்துச் செய்யலாம். வங்கியில் வருடம் 20 ரூபாய்க்குப் போடுகிற விபத்துக் காப்பீட்டையும் போட்டுவிடுங்கள். ஆனால் அது உயிருக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், ஜவ்வு அறுந்தால் அதில் எதுவும் வராது. அதனால்தான் உங்கள் நிதி தேவைப்படுகிறது.

பணம் செலவாகாத ஒன்றும் கேட்கிறேன், எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பையன் அந்த ராத்திரி மறுபடி இறங்கக் கூடாது. அரை இறுதியானாலும் சரி, இறுதியானாலும் சரி, அவனே அழுதாலும் சரி. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வரை இந்த வட்டாரத்தில் எந்தக் குழுவும் அவனை எடுக்கக் கூடாது. ஒரு குழு மட்டும் கடைப்பிடித்தால் அடுத்த குழு அவனைக் கெஸ்ட்டாகத் தூக்கிக்கொண்டு போய்விடும். எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொண்டால்தான் இது நிற்கும். நடுவருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுங்கள். அவர் 'வெளியே போ' என்றால் யாரும் போய்ச் சண்டை பிடிக்கக் கூடாது.

நேரம் போதாது என்று சொல்லி ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றுகிற பத்து நிமிடத்தையும் வெட்டாதீர்கள். குழுக்களின் எண்ணிக்கையைக் குறைத்து, பகலிலேயே தொடங்கி, இரவு பத்து மணிக்குள் முடியுங்கள். முப்பத்திரண்டு குழு ஆடினால்தான் ஊருக்குப் பெருமை என்று யாரும் சட்டம் போடவில்லை.

பொங்கல் போட்டிகளுக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்னால் எல்லாக் குழுக்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடத்தையும் நாளையும் நீங்களே முடிவு செய்யுங்கள், எங்கே என்றாலும் நான் வருகிறேன். முழங்கால் மருத்துவம் தெரிந்த ஒருவரை அழைத்து வருவது என் பொறுப்பு. நிர்வாகிகள் மட்டும் வராதீர்கள். உங்கள் ரெய்டரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அடிபட்டு ஆட்டத்தை விட்டவனையும் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு, வண்டியில் ஏற்றி அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோத்தகிரி